கண்ணை மூடச் சொன்ன வெல்டிங் டீச்சர்

மேடையில் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நம் பயிற்சி மையத்தின் தாளாளர் உயர்திரு உடையப்பன் அவர்களே, முன்வரிசையில் மடியில் கைகளை வைத்தபடி அமர்ந்திருக்கும் துர்காதேவியின் கணவர் தம்பி வீரணன் அவர்களே, காரைக்குடியிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் திருக்கோஷ்டியூரிலிருந்தும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் வெல்டர்களே, அவர்களைப் பெற்றவர்களே, வர முடியாத தூரத்தில் இருந்துகொண்டு கைபேசியில் இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் செம்மலை. இந்த மையத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக வெல்டிங் பயிற்றுநராக இருக்கிறேன். துர்காதேவி என்னோடு பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் அவரைத் 'தொழிற்கலைச் செல்வி துர்காதேவி அம்மையார்' என்று அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பட்டத்துக்கு அவர் முழுவதும் தகுதியானவர். ஆனால் அதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "என்னண்ணே, நாப்பத்தெட்டு வயசுல என்னையக் கெழவியாக்கிட்டீக" என்பார். அதனால் நான் துர்கா என்றே சொல்கிறேன். சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு வாரமாக எனக்குப் பகலும் தூக்கமும் பிரிந்து தெரியவில்லை. பட்டறைக்குள் நடக்கிறேன், நடப்பது நான்தானா என்று தோன்றுகிறது. மதிய வெயில் தகரக் கூரையில் இறங்கி, யாரோ பற்றவைக்கும் நீல வெளிச்சம் சுவரில் அலைகிறது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் துர்கா நிற்பது போல இருக்கிறது. நெருங்கிப் போனால் வேறொருவர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, "என்ன சார்?" என்று கேட்கிறார். 

துர்காவைப் புகழ்வதற்காக வந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லாமல் புகழ்ந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் தொடங்கிய இணையவழி வகுப்பை இந்த மையத்தில் எதிர்த்த ஒரே ஆள் நான்.

ஊரடங்கு வந்தபோது மையம் பூட்டப்பட்டது. அப்போது பயிற்சியில் இருந்தவர்கள் இருபத்தாறு பேர். அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். துர்கா எனக்கு போன் செய்தார். "அண்ணே, கைபேசியில வகுப்பு எடுக்கப் போறேன்" என்றார். "எதை எடுக்கப் போற?" என்றேன். "வெல்டிங்தான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். வெல்டிங் என்பது பக்கத்தில் நின்று தோளைத் தொட்டுத் திருத்துகிற வேலை. கை நடுங்கினால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிற வேலை. அதைக் கண்ணாடிச் சில்லுக்குள்ளிருந்து எப்படிக் கற்றுக்கொடுப்பது? நான் கேட்டது நியாயமான கேள்விதானே?

அவருக்கும் அதற்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. முதல் நாள் வீட்டுக் கொல்லையில் மிஷினைப் போட்டு, தம்பி வீரணன் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, வெல்டிங் குச்சியான ராடை இரும்பில் உரசிப் பற்றவைத்துக் காட்டினார். இருபத்தாறு கைபேசிகளிலும் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைக் கைபேசியின் கண் தாங்காது. கறுப்புக் கண்ணாடியை முன்னால் வைத்துப் பார்த்தார்கள், கோணம் மாற்றிப் பார்த்தார்கள். வெள்ளைப் பொட்டு கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டாக ஆனது.

அப்போது ஈஸ்வரி பேசினார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். திருக்கோஷ்டியூர் கோயில் வாசலில் விளக்குக் கடை வைத்திருந்தவர். கூட்டம் வராமல் கடை மூடிக் கிடந்தது. எங்கள் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "டீச்சர், ஒண்ணுமே தெரியலை. வெள்ளையா மட்டும் இருக்கு. நாங்க எதைத்தான் பாக்குறது?" என்று கேட்டார்.

 துர்கா, "அப்பப் பாக்க வேணாம். எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. கேப்போம்" என்றார்.

வெல்டிங்கைக் காதாலும் அறியலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதையே ஒரு பாடமாக வைத்துக்கொண்டு ஆட்களை உருவாக்கலாம் என்று யார் நினைத்தது? எந்தப் பாடப் புத்தகத்தில் அது இருந்தது? துர்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பேச்சு வைத்தார். இரும்புக்கும் ராடின் நுனிக்கும் இடைவெளி சரியாக இருந்தால், எண்ணெய்ச் சட்டியில் வெள்ளைப் பணியாரம் வேகிற மாதிரி ஒரே சீராகப் பொரியும். இடைவெளி கூடினால் ஈர விறகு போலச் சீறும். குறைந்தால் சளி கட்டின தொண்டை மாதிரி அடைத்துக்கொள்ளும். கரண்ட் அதிகமானால் மேடேறுகிற பைக் போல உறுமும். இதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். நாள்தோறும் காலை பத்து மணிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதிலும் ஒரு தடங்கல் வந்தது. வகுப்பு நடத்துகிற செயலி, வெல்டிங் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அறுத்துவிட்டது. துர்கா பற்றவைப்பார், அந்தப் பக்கம் அமைதி. ஒரு காக்கை கரைவது மட்டும் கேட்கும். இரண்டு நாள் கைபேசியைக் குடைந்து, சத்தத்தை வடிகட்டாமல் அனுப்புகிற பொத்தானைக் கண்டுபிடித்தவர் ஈஸ்வரிதான். அன்று காலை முதல்முறையாக அந்தப் பொரிகிற சத்தம் இருபத்தாறு வீடுகளில் ஒரே நேரத்தில் கேட்டதாம். ஒருவர் வீட்டில் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா சுடுறீக?" என்று கேட்டாராம். துர்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நானும் வேண்டா வெறுப்பாக ஒருநாள் அந்த வகுப்பில் நுழைந்து பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவருக்குப் பின்னால் வேப்பமரம் ஆடியது. ஒருவர் வீட்டில் மழை, இன்னொருவர் வீட்டில் வெயில். யாரும் அசையவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே கனவைக் காண்கிறார்கள் போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சலுக்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

இனி நான் சொல்லப் போவது பள்ளத்தூரில் நடந்தது. எங்கள் மாணவர் முத்துக்கண்ணனும் அவர் தாயார் ராக்காயி அம்மாவும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

இரண்டாவது ஊரடங்கின்போது, மிஷின் கிடைக்கிறவர்கள் வீட்டிலேயே பழகலாம், தான் கேட்டுத் திருத்துகிறேன் என்று துர்கா அனுமதித்திருந்தார். முத்துக்கண்ணன் ஒரு கிரில் பட்டறையில் பழைய மிஷினைக் கேட்டு வாங்கிவந்து கொல்லையில் வைத்திருந்தார். அதிகாலையில் மழை பெய்திருந்தது. கையுறை ஈரம் என்று கழற்றி வைத்துவிட்டு, வெறும் கையால் ராடை மாற்றியிருக்கிறார். ராடைக் கவ்வும் பிடியின் மின்காப்பு உறை வெடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் நின்றது ஈரத் தரையில்.

வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவருடைய கட்டத்தில் வானம் தெரிந்தது. கைபேசி மல்லாந்து விழுந்திருந்தது. ஒரு தென்னை ஓலையும் மெதுவாக நகர்கிற மேகமும் தெரிந்தன. அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்த மேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எவ்வளவு அமைதியாக அது போனது என்பார்கள்.

சத்தம் கேட்டு ராக்காயி அம்மா ஓடிவந்தார். மகன் கிடக்கிறான். குனிந்து தூக்கப் போனார். அப்போது தரையில் கிடந்த கைபேசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவனைத் தொடாதீக! யாரா இருந்தாலும் தொடாதீக! செவத்துல சுவிட்ச் இருக்கும், முதல்ல அதை அமத்துங்க!"

ராக்காயி அம்மா நின்றார். திரும்பினார். சுவிட்சை அமர்த்தினார். அதன் பிறகுதான் மகனைத் தொட்டார்.

முத்துக்கண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கையில் தீக்காயம், விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிவு. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்.

அந்த ஒன்பது நாளில் நான் என்ன செய்தேன்? தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இணையவழியில் வெல்டிங் பழக்குவது உயிருக்கு ஆபத்து, இதை உடனே நிறுத்த வேண்டும், நான் தொடக்கத்திலேயே எச்சரித்தேன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். உடையப்பன் ஐயா அதைத் துர்காவிடம் கொடுத்துப் பதில் கேட்டார். துர்கா பதில் எழுதவில்லை. என் கடிதத்தின் அடியிலேயே தன் கையால் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். 'இதில் உள்ளதெல்லாம் உண்மை. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அன்று காலை, தரை ஈரமாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.'

தன்னைக் குற்றம் சாட்டுகிற கடிதத்தில் விட்டுப்போன குற்றத்தைச் சேர்த்துக் கொடுத்த ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரைத் தவிர ஒருவரையும் பார்த்ததில்லை.

வகுப்பு நிறுத்தப்பட்டது. முத்துக்கண்ணன் வீடு திரும்பிய அன்று துர்கா பள்ளத்தூர் போனார். அங்கே நடந்ததை ராக்காயி அம்மாதான் எனக்குச் சொன்னார். துர்கா தரையில் உட்கார்ந்து, "என் மேல கோவம் இருந்தா வஞ்சிருங்கக்கா" என்றாராம்.

"கோவமா? அந்தப் போனுக்குள்ள இருந்து நீங்க கத்தலேன்னா நான் அவனைத் தூக்கியிருப்பேன்ல. ரெண்டு பேரும்ல போயிருப்போம்."

"பக்கத்துல அமத்துறதுக்கு ஒரு ஆள் இல்லாம மிஷினைப் போடவிட்டது நாந்தானக்கா."

 ராக்காயி அம்மா, "அப்ப அந்த ஆளா நான் இருக்கேன். என்னென்ன பாக்கணும், எதை எப்ப அமத்தணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாராம்.

நம் மையத்தின் விதி அங்கேதான் பிறந்தது. மறுபடி வகுப்பு தொடங்கியபோது, பழகுகிறவரோடு அவர் வீட்டு ஆள் ஒருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று துர்கா சொன்னார். தரை காய்ந்திருக்கிறதா, கையுறை காய்ந்திருக்கிறதா, பிடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த ஆளின் பொறுப்பு. சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்பதும் அவர் பொறுப்பு. ஒவ்வொருவரும் பற்றவைப்பதற்கு முன்னால் துர்கா, "சுவிட்ச்?" என்று கேட்பார். "இருக்கேன்" என்று ஒரு குரல் வர வேண்டும். வந்தால்தான் அனுமதி.

காலை பத்து மணி. ஒரு தாயின் குரல், "இருக்கேன்." ஒரு தங்கையின் குரல், "இருக்கேன்." ஒரு மனைவி, ஒரு மாமனார், பக்கத்து வீட்டுப் பெண். கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒன்று, திருக்கோஷ்டியூரிலிருந்து ஒன்று. அந்தக் குரல்கள் எங்கிருந்தோ மிதந்து வந்து ஒரு சிறிய அறைக்குள் கூடுவதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் ஒரு விபத்தும் நேரவில்லை.

நானும் என் கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். ஊரடங்கு முடிந்தும் அந்த வகுப்பு நிற்கவில்லை. பட்டறைகளில் நாள்கூலிக்குப் போகிறவர்களும் தினமும் பஸ் ஏறி வர முடியாத பெண்களும் அதில் சேர்ந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் கைபேசியில் பாடம், சனிக்கிழமை இங்கே பட்டறையில் பழக்கம் என்று அது நிலைத்தது. துர்காவோடு நானும் அதில் உட்காரத் தொடங்கினேன்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்கிறேன். இதுவரை என் வீட்டாருக்குக்கூடச் சொல்லாதது.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவர் பற்றவைத்தார். துர்கா என்னிடம், "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார். "அருமையா இருக்கு" என்றேன்.  துர்கா அந்த மாணவரிடம் மட்டும், "எதுக்கும் கையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க" என்றார். வகுப்பு முடிந்ததும், "அண்ணே, நீங்க மட்டும் இருங்க" என்றார். எல்லோரும் போன பிறகு திரையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்.

"எது?"

"காது."

நான் தரையைப் பார்த்தேன். முப்பது ஆண்டு இரும்பு தேய்க்கும் அரவை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அந்தப் பொரிகிற சத்தம் எனக்குக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். அந்த மெல்லிய சத்தம் கேட்காது. தூரத்தில் யாரோ பாய் உருட்டுவது போல ஒரு மங்கல் மட்டும் இருக்கும். பட்டறையில் கண்ணால் பார்த்துச் சமாளித்துவந்தேன். துர்கா எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னபோது, எனக்குப் போக இடமில்லாமல் போயிற்று. அதுதான் என் எரிச்சல். அந்த வகுப்பு ஆபத்தானது என்று நான் நம்பியதும் உண்மை. ஆனால் அந்த நம்பிக்கைக்குள் இந்தப் பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் இன்றும் பிரிக்க முடியவில்லை.

"ஏழெட்டு வருஷம் இருக்கும்" என்றேன்.

துர்கா என்ன சொல்லியிருக்கலாம்? அன்று நான் சரி என்று சொன்ன அந்தப் பற்றவைப்பு, ஒரு மாடிப்படியிலோ ஒரு டிரெய்லரிலோ இருந்திருந்தால் ஆளைக் கொன்றிருக்கும். அதை அவர் சொல்லியிருக்கலாம். கடிதம் எழுதியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான். "அப்ப இனிமே நான் எழுதிப் போடுறேண்ணே. நீங்க படிச்சிட்டுப் பேசுங்க. ஆனா எழுத்து வராம சரின்னு சொல்லிறாதீக."

மறுநாளிலிருந்து ஒவ்வொருவர் பற்றவைக்கும்போதும், எனக்கு மட்டும் தெரிகிறபடி எழுதி அனுப்பினார். 'சீறுது, இடைவெளி அதிகம்.' 'இப்பச் சீரா வருது.' 'அடைக்குது, ராடு ஒட்டப் போகுது.' சில நாள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமலும் எழுதுவார். 'இவங்க வீட்டுல அணில் கத்துது.' 'கீழச்சிவல்பட்டியில மழை வலுக்குது, தகரத்துல விழுகுது.' அதைப் படிக்கும்போது என் தலைக்குள் மழை பெய்யும். மூன்றரை ஆண்டு எனக்காக அப்படிக் கேட்டு எழுதினார். மாணவர்களுக்குத் தெரியாது. இந்த மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் எழுதினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை இங்கே பாதிப் பேர் பார்த்தீர்கள். பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. வருகை எடுத்தார். "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனார். நாற்காலி தெரிந்தது. பின்னால் நாட்காட்டி காற்றில் தூக்கித் தூக்கி அடங்கியது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. அன்று விடுமுறையில் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரிதான் முதலில் வீரணனுக்கு போன் செய்தார். அவர் வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடினார். திரையில் நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் குறுக்கே போனார்கள், வந்தார்கள். பிறகு மறுபடி நாற்காலி மட்டும். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

நாங்கள் இருபத்து மூன்று பேர். யாரும் வகுப்பை விட்டு வெளியேறவில்லை.  வெளியே போகிற பொத்தானை அழுத்தினால் என்னவோ ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு, மருத்துவமனையிலிருந்து ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்த வீரணன் அந்த அறைக்குள் நுழைந்தார். திரையைப் பார்த்தார். எங்கள் முகங்கள் எல்லாம் அதில் இருந்தன.

"இன்னுமா இருக்கீக?" என்றார்.

பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "போயிட்டா. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

தம்பி வீரணன் அவர்களே, உங்கள் வாழ்க்கையிலேயே கொடிய நேரத்தில் பிறர் பசியை நினைத்த உங்களுக்கு இந்தச் சபை சார்பில் நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? ஒன்று சொல்கிறேன். துர்கா பழக்கிவிட்டவர்கள் நூற்று முப்பதுக்கும் மேலே. அவர்கள் ஒட்டிய இரும்பு பள்ளிக்கூடப் படிக்கட்டிலும் தண்ணீர்த் தொட்டித் தாங்கிகளிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதன் மேல் ஏறுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவர்கள் விழ மாட்டார்கள். அவருக்கு அது போதும் என்றிருக்கும்.

நேற்று உடையப்பன் ஐயா என்னை அழைத்து, "அந்தக் கைபேசி வகுப்பை இனி யார் நடத்துவாக? இல்லே, நிறுத்திருவோமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கம் எழுதியவன் நான்தானே.

அதற்கு இந்தச் சபை அறியப் பதில் சொல்கிறேன். பாடத்தை நான் நடத்துகிறேன். கேட்டுத் திருத்துவதை ஈஸ்வரி செய்வார். டிரெய்லர் கட்டும் பட்டறையில் இப்போது நல்ல பெயரோடு வேலை செய்கிறார். காலையில் ஒரு மணி நேரம் விடுவதாக அவருடைய முதலாளி ஒப்புக்கொண்டார். இன்று காலை என் காது விஷயத்தை முதலில் ஈஸ்வரியிடம்தான் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "சரி சார், நான் சத்தமாச் சொல்லவா, எழுதிப் போடவா?" என்று மட்டும் கேட்டார். சத்தமாகவே சொல்லுங்கள் என்றேன். எல்லோருக்கும் தெரியட்டும். எனக்குக் கேட்காததைக் கேட்டது என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன். துர்காதேவிக்கு நான் கொடுக்கக்கூடிய உறுதி இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை புதிதாகப் பதினோரு பேர் சேர்கிறார்கள். அதில் நான்கு பேர் பெண்கள். அவர்கள் வீட்டுச் சுவிட்ச் பக்கம் நிற்கப் போகிறவர்களுக்கு ராக்காயி அம்மா முதல் பாடம் எடுக்கிறார். பத்து மணிக்குத் தொடங்குகிறோம். தரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.